பத்தொன்பது காம்பு

முந்நூற்றுப் பன்னிரண்டு நாள். இரண்டு வயலுக்கும் அதுதான் வயது. ஒரே காலையில், ஒரே கட்டுக் குச்சியை இரண்டாகப் பிரித்து நட்டிருந்தார்கள். வரப்புக்கு இந்தப் பக்கம் மனைவியின் மரவள்ளி, அந்தப் பக்கம் கணவரின் மரவள்ளி. பக்கத்துக்கு அறுநூறு செடி. ஒரே மண், ஒரே மழை.

இரண்டிலும் கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் பிடித்தேன். எங்கே பிடிப்பது என்பதைக் குலுக்கல் எண்தான் சொல்லும். என் விருப்பம் கிடையாது. ஒரு சதுரத்துக்குள் இருபத்தைந்து செடி. பிடுங்கி, மண் தட்டி, கிழங்கை மட்டும் எடை போட்டேன்.

கணவர் வயலில் அறுபத்தெட்டு கிலோ. மனைவி வயலில் ஐம்பத்துமூன்றரை.

"எவ்வளவு?" என்றார் கணவர். தராசு முள்ளை அவரே பார்த்துக்கொண்டுதான் நின்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க. அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

சொன்னேன். அந்தப் பக்கம் நின்றது அவர் மனைவி மட்டும்தான். அந்த அக்காவுக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.

"நல்லது" என்றார் அக்கா. பிடுங்கிய அடித்தண்டுகளை எடுத்து வரப்பில் அடுக்க ஆரம்பித்தார்.

என் வேலை இதுதான். பதினான்கு வீடுகளில் கணவனும் மனைவியும் தனித்தனியாக மரவள்ளி போடுகிறார்கள். யார் வயலில் எவ்வளவு விளைகிறது, ஏன் என்று எழுதி அனுப்ப வேண்டும். படிவத்தின் கடைசிக் கேள்வி: 'பெண்கள் வயலில் விளைச்சல் குறைவதற்குக் காரணம்.' எடை போடுவதற்கு முன்பே அச்சடித்த கேள்வி. கீழே நான்கு கட்டங்கள். உரம், களை, உழைப்பு நேரம், மற்றவை.

எனக்குச் சத்தமாகப் பேச வராது. தோளில் எப்போதும் தொங்கு தராசு இருப்பதால் எனக்குத் 'தராசு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர் இந்தக் கணவர்தான். வந்த முதல் நாள் பம்பு ஷெட்டில் நான்கு பேரோடு உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ கேட்டேன். ஒருவருக்கும் காதில் விழவில்லை.

"தராசு வாயத் திறக்காதுப்பா. முள்ளுதான் ஆடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உடனே நெருப்பிலிருந்து சுட்ட கிழங்கு ஒன்றை எடுத்து, தோலை உரித்து, இலையில் வைத்துக் கையில் கொடுத்தார். "சாப்பிட்டுப் பாருங்க. நம்ம வயல் கிழங்கு." வெண்ணெய் மாதிரி இருந்தது. விரல் சுட்டதைக்கூடச் சொல்லாமல் தின்றேன்.

அவருக்கு ஊரில் 'ரேடியோ' என்று பெயர். வரப்பில் நின்று இருமினால் ஷெட்டில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். நல்ல மனிதர். யாரைக் கண்டாலும் வாயில் ஏதாவது வைக்காமல் விடமாட்டார். அன்று அறுபத்தெட்டு என்ற எண்ணை வாங்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். நான் தராசைத் துடைத்து உறையில் போடுவதற்குள் தெருமுனை டீக்கடையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"பதினாலரை கிலோ வித்தியாசம்! ஆம்பள கை ஆம்பள கைதான்யா!"

அக்கா காதில் விழாதது போல இருந்தார். ஆனால் அடுக்கிக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது.

ஏன் என்று எனக்குத் தெரியும். விவசாயிகள் சங்கத்துக்குப் பம்புக்குப் பக்கத்தில் நிலம் இருக்கிறது. புது ரகக் குச்சி வளர்க்க அதில் வீட்டுக்கு ஒரு துண்டு கொடுக்கிறார்கள், ஐந்து வருடத்துக்கு. வீட்டில் யார் வயல் எடை அதிகமோ அவர் பேருக்கு. அந்தத் துண்டு அக்காவுக்கு வேண்டும். அவர் அதை என்னிடம் வாயால் சொன்னதில்லை. ஒரு குச்சியில் கத்தியால் அடிக்கணக்குக் கீறி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு தினமும் மாலை பம்படி நிலத்தோரம் நடப்பார். மண்ணில் ஊன்றுவார், பார்ப்பார், எடுப்பார்.

"மூணு அடிக்குப் பதிலா நாலு அடி விட்டு நட்டா எப்படி இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டார். "நடுவுல அவரைச் செடி போடலாம். இங்க யாரும் விடமாட்டாங்க. சொந்தமா ஒரு துண்டு இருந்தா செஞ்சு பார்த்துடுவேன்."

சோதனை செய்து பார்க்க நிலம் கேட்டவரை அதற்கு முன் நான் கல்லூரியில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை அந்தக் கீறல் குச்சி அவர் வீட்டு விறகோடு கிடந்தது.

*

மறுநாள் காலை அடித்தண்டுகளைக் கழுவ உட்கார்ந்தேன். ஒரு செடிக்கு எத்தனை கிழங்கு என்று எண்ண வேண்டும். கிழங்கை வெட்டிய இடத்தில் தண்டோடு ஒட்டியபடி காம்பு நிற்கும். நேற்று வெட்டிய காம்பு வெள்ளையாக, பால் கசிந்து இருக்கும்.

அக்கா வயல் தண்டுகளில் வேறு காம்புகளும் இருந்தன. கறுத்து, காய்ந்து, மேலே தோல் மூடியவை. ஆறிய காயம் போல. பழைய வெட்டு.

எண்ணினேன். இருபத்தைந்து செடியில் நாற்பத்துநான்கு.

கணவர் வயல் தண்டுகளையும் கழுவினேன். இருபத்தைந்து செடியில் பழைய காம்பு ஒன்றுகூட இல்லை. திரும்பவும் எண்ணினேன். பூஜ்யத்தை இரண்டு முறை எண்ணியது அதுதான் முதல் தடவை.

ஒரு தண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்பங்கரைப் பின்வாசலிலிருந்து அக்கா வயலின் முதல் செடிக்குப் பதினொரு காலடி. கணவர் வயலுக்கு அறுபத்துநான்கு. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கூடை. அதில் ஐந்து கிழங்குகள்.

"அக்கா, இது என்ன?"

அக்கா எட்டிப் பார்த்தார். "அதுவா? வீட்டுக்கு எடுத்ததுதான். சமைக்க வேணாமா?"

"எப்பலேர்ந்து எடுக்கறீங்க?"

"ஆறு மாசம் ஆனதுலேர்ந்து. செடியப் பிடுங்கக் கூடாது. பக்கத்துல மண்ணைக் கிளறி, பெருசா ஒண்ணைப் பார்த்து, கத்தியால சாய்ச்சு அறுத்துட்டு, மறுபடி மூடிடணும். செடிக்கே தெரியாது." சிரித்தார். "ஒரு செடிகிட்ட ஒரு தடவதான் கேப்பேன். ரெண்டாவது தடவ கேட்டா அதுக்கும் கோவம் வரும் இல்ல? ஒரு நாளைக்கு அஞ்சு செடி. நாலு நாளைக்கு ஒரு வரிசை. முந்தாநாள்தான் கடைசி வரிசைய முடிச்சேன்."

மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். முப்பது வரிசை. நூற்றிருபது நாள். அறுநூறு கிழங்கு. ஒரு நோட்டு இல்லை, பேனா இல்லை.

"அண்ணன் வயல்ல எடுக்க மாட்டீங்களா?"

"அது மில்லுக்குப் போறது. என் வயலு அடுப்புக்கு, அவர் வயலு மில்லுக்கு. யாரும் சொல்லல. அப்படியே ஆயிடுச்சு."

கூடையிலிருந்த ஐந்து கிழங்கையும் அவரைக் கேட்டுத் தராசில் மாட்டினேன். இரண்டு கிலோ. ஒன்றுக்கு நானூறு கிராம். சதுரத்தில் செடிக்கு ஒன்று, இருபத்தைந்து கிழங்கு, பத்து கிலோ. ஐம்பத்துமூன்றரையோடு பத்து, அறுபத்துமூன்றரை. இன்னும் நாலரை கிலோ குறைந்தது.

"அக்கா, செடிக்கு ஒண்ணுதானே எடுத்தீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"இருபத்தஞ்சு செடியில நாப்பத்துநாலு காம்பு இருக்கு."

அக்கா தண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். "இது என்னோடது" என்றார். சாய்வான, சுத்தமான வெட்டு. பக்கத்தில் இன்னொன்று நார் நாராகத் தொங்கியது. வெட்டியதல்ல. முறுக்கிப் பிய்த்தது. "இது என்னோடது இல்ல. யாரோ பொறுமையில்லாதவங்க."

"பன்றியா இருக்குமோ?"

"பன்னி தின்னுட்டு மண்ணை மூடிட்டுப் போகுமா?" என்றார் அக்கா. சிறிது நேரம் தண்டையே பார்த்தார். "அவ்வளவு மரியாதையான பன்னி நம்ம ஊருல எது?"

பத்தொன்பது காம்பு. ஏழு கிலோ அறுநூறு. அதையும் சேர்த்தால் எழுபத்தொன்று புள்ளி ஒன்று.

அன்று மாலைக்குள் மற்ற பதின்மூன்று வீட்டுப் பெண்களின் வயல்களிலும் தண்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பழைய காம்பு இருந்தது. ஆண்கள் வயல்களில் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அதே பதில். என் வயல் அடுப்புக்கு, அவர் வயல் மில்லுக்கு. ஒருத்தர் மட்டும் கூடவே, "ஏன், தப்பா?" என்று கேட்டார்.

*

சங்கக் கூடம் பழைய உரக் கிடங்கு. இன்னும் உர நாற்றம் போகவில்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கரும்பலகை, சுவரோரம் பெஞ்சுகள். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. அதுவும் அப்படியே ஆகிவிட்டது போலிருக்கிறது.

செயலாளர் ஒல்லியானவர், விதி தவிர வேறெதுவும் பேசாதவர். கூட்டத்துக்கு முன்பே அவரிடம் தண்டுகளைக் காட்டியிருந்தேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிப் பார்த்தார். அதன் பிறகு கரும்பலகையில் அவர் கையாலேயே எழுதினார். ரேடியோ: 68. வீட்டம்மா: 53.5.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு" என்றார். "தராசு, நீங்களே சொல்லுங்க."

எழுந்தேன். சொன்னேன்.

"சத்தமா!" என்றது கடைசி பெஞ்சு.

மறுபடி சொன்னேன். செயலாளர் அதை எனக்காக உரக்கத் திருப்பிச் சொன்னார். இனிமேல் வீட்டு அடுப்புக்குப் போன கிழங்கும் விளைச்சல்தான் என்றார். கரும்பலகையில் 53.5ஐ அழித்து 63.5 என்று எழுதினார். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. ஆண்கள் பக்கம் ஒரு பெருமூச்சு.

ரேடியோ அண்ணன் எழுந்தார். "நியாயம். முழு நியாயம். அவ எடுத்ததச் சேர்க்கணும். ஆனா பாருங்க, சேர்த்தும் நான்தான் மேல. நாலரை கிலோ." உட்கார்ந்தார். மடியில் ஒரு நீளப் பலகை. சிவப்பு மையில் அவர் பெயர். பம்படித் துண்டில் நடுவதற்கு.

"இன்னும் முடியல" என்றார் செயலாளர். "மேற்கொண்டு பத்தொன்பது காம்பு இருக்கு. ஏழு கிலோ அறுநூறு. அது யார் எடுத்தது?"

"பன்னி" என்றார் ரேடியோ அண்ணன். கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னார்.

"மண்ணை மூடியிருக்கு."

"முள்ளம்பன்னி."

"அது மட்டும் மூடுமா?" என்றார் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தர். "எங்க வீட்டுல கதவையே ஒருத்தரும் மூட மாட்டேங்கறாங்க."

கூடம் சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. "விதி இதுதான். வீட்டு ஆள் எடுத்திருந்தா விளைச்சல். வெளி ஆள் எடுத்திருந்தா திருட்டு, நஷ்டக் கணக்கு, சேர்க்க முடியாது. சதுரத்துல பத்தொன்பதுன்னா, வயல் முழுக்க…" விரலை மடக்கினார். "நானூத்தைம்பது கிழங்குக்கு மேல போகுது."

"யம்மாடி!" என்றது பெண்கள் பக்கம்.

"ஒரு ஆளு அவ்வளவு தின்ன முடியாதே" என்றார் ஒரு பெரியவர்.

"ஒரு குடும்பமே வந்து உக்காந்து தின்னிருக்கும்" என்றார் அக்கா. அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "ஏங்க, நீங்கதான் நாள் முழுக்க பம்பு ஷெட்டுல இருக்கீங்க. வயலு உங்க கண்ணு முன்னாடி. ஒரு ஈ காக்கா வந்ததக்கூட பார்க்கலையா?"

"நான் என்ன காவல்காரனா?"

"இல்ல, கேட்டேன்."

"நான் என் வயலப் பார்ப்பேனா, உன் வயலப் பார்ப்பேனா?"

"சரிங்க. விடுங்க." அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "திருட்டுன்னே எழுதிக்கங்க சார். போகட்டும்."

செயலாளர் சாக்பீஸை எடுத்தார்.

எனக்கு முதல் நாள் ஷெட்டில் தின்ற கிழங்கு நினைவுக்கு வந்தது. வெண்ணெய் மாதிரி இருந்தது. நம்ம வயல் கிழங்கு என்றார். அவர் வயலில் ஒரு காம்புகூட இல்லை. நேற்றே கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்லத்தான் வரவில்லை. கையில் தந்தவரை எப்படிக் காட்டிக்கொடுப்பது? ஆனால் அக்கா 'போகட்டும்' என்றபோது அவர் கண் கரும்பலகையில் இல்லை, ஜன்னலில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பம்படி நிலம்.

எழுந்தேன். நாற்காலி கீழே விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானும் ஒண்ணு சாப்பிட்டேன்" என்றேன்.

"என்னது?" என்றார் செயலாளர்.

"கிழங்கு. சுட்டது. வந்த முதல் நாள். பம்பு ஷெட்டுல." இந்தத் தடவை யாரும் 'சத்தமா' என்று கேட்கவில்லை. "அந்தச் சதுரத்துலேர்ந்து எடுத்ததான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அண்ணன் வயல்ல பிடுங்கின இருபத்தஞ்சு செடியிலயும் ஒரு பழைய காம்புகூட இல்ல. அதனால அது அங்கேர்ந்து வந்ததாத் தெரியல."

உட்காரப் போனேன். நாற்காலி இல்லாதது நினைவு வந்து நின்றுகொண்டேன்.

ஷெட்டில் அன்று உட்கார்ந்திருந்த நான்கு பேருக்கும் திடீரென்று கூரை ஓட்டின் மேல் பெரிய அக்கறை வந்துவிட்டது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் ஓட்டை எண்ணவே ஆரம்பித்திருந்தார்.

"ஓகோ" என்றார் பெண்கள் பக்கத்தில் ஒருத்தர் மெதுவாக. "அதான் மத்தியானம் சோத்தைப் போட்டா பசியே இல்லன்னு எழுந்து போறது."

"எங்க வீட்டுலயும் அதே கதைதான்" என்றார் இன்னொருத்தர். "நான் உடம்புக்கு என்னமோன்னு பயந்துட்டு மருந்து வாங்கிக் குடுத்தேன். அதையும் குடிச்சாரு!"

ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தவருக்குக் கணக்கு தப்பிவிட்டது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கணவரை நேராகப் பார்த்தார். "ஏங்க?"

ரேடியோ அண்ணன் மடியிலிருந்த பலகையைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்த பிறகு சிவப்பு மை வேட்டியில் ஒட்டியிருப்பது தெரிந்தது. அதை விரலால் தேய்த்தார். பரவியது. எழுந்து நின்றார். நிற்கும்போது தலை மேலே இடிக்கும் என்று நினைத்தவர் போலக் கொஞ்சம் குனிந்தே நின்றார். ஊரில் ஒருவரும் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில், மேசையைப் பார்க்காமல், மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"என் வயலுது நாரா இருக்கும். உன்னோடதுதான் மாவா வேகுது."

"அது எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "சார் கேட்டது அது இல்ல."

செயலாளர் சாக்பீஸைக் கரும்பலகைக்கு ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தபடி நின்றார். ஷெட்டின் நான்கு பேரும் கூரையிலிருந்து கண்ணை இறக்கி அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் தொண்டையைச் செருமினார். பழைய குரல் திரும்பி வந்தது. தெருமுனை டீக்கடை வரை கேட்டிருக்கும்.

"என் வயல்ல கை வச்சா எடை குறையும்னு, அவ வயல்ல நான்தான்யா பிடுங்கினேன். பத்தொன்பதும் நான்தான்!"